கூலிமில் மாமாவின் கையைப் பார்த்தோம்

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மலை, தீவு, அருவி என்று அலைகிறவள். தொழிற்சாலை பார்ப்பதற்காக ரயில் ஏறியது இதுவே முதல் தடவை. காரணம் என் அக்கா லெட்சுமி. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், கிள்ளானில் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வடக்கே பாடாங் செராயிலிருந்து போன் செய்தாள்.

"சனிக்கிழம மாமா கம்பெனியில குடும்ப தினமாம். போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நீ வந்து காடி ஓட்டுடி. தனியா கூட்டிட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

மாமா என்பது அக்காவின் கணவர் குணசேகரன். கூலிம் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாகத் பாகங்கள் வைக்கும் தட்டுகளை அடுக்கும் பிரிவில் இருந்தவர். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. போன வருடம் அங்கே மனித உருவ ரோபோக்கள் வந்தன. அவற்றுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆள் தேடியபோது மாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் உறை, கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் தன் வழக்கமான வேலையைச் செய்வார். கண்ணாடியில் உள்ள கேமராவும் உறையும் ஒவ்வோர் அசைவையும் பதிந்துகொள்ளும். ரோபோ அதைப் பார்த்துப் பழகும். உன் இடத்துக்கு வரப்போறவனுக்கு நீயே பாடம் சொல்றியா என்று நண்பர்கள் கிண்டல் செய்தபோது, "எடுத்தா எடுக்கட்டும்லா, என் இடுப்பு வலியையும் சேத்து எடுத்துக்கட்டும்" என்றாராம்.

அந்தப் பயிற்சி முடிந்து சில வாரங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறியது. பேச்சும் மெதுவாகத் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. மருத்துவமனையில் கை கால் பயிற்சிக்குக் கொஞ்ச நாள் போனார், பிறகு நிறுத்திவிட்டார். அந்தக் கையை எப்போதும் சட்டைப் பைக்குள்ளோ துண்டுக்கு அடியிலோ வைத்திருப்பார் என்றாள் அக்கா. "இவரு கையி வேல செய்யல. இவரு கையப் பாத்துப் படிச்ச மெஷினு செய்யுது. அதப் போயி பாத்தா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு." அவள் பயம் இதுதான்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து சுங்கை பட்டாணிக்கு மின்ரயில் நாலரை மணி நேரம். கட்டணம் அறுபது ரிங்கிட் வெள்ளிக்கு மேல். விடுமுறைக் காலத்தில் ஒரு மாதம் முன்பே டிக்கெட் வாங்கிவிடுங்கள், நான் கடைசி நேரத்தில் வாங்கி, கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையில் வந்தேன். பேராக்கைத் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் வயலும் செம்பனையும் ஒன்றாகக் கரைந்து ஓடின. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாத ஒரு மணி நேரம். கண்ணைத் திறந்தபோது ஜெராய் மலை மேகத்தில் பாதி மூழ்கி நின்றது.

நிலையத்திலிருந்து பாடாங் செராய்க்கு வாடகைக் கார் முப்பது வெள்ளி. ஓட்டிய அண்ணனும் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஓய்வு நாளில் கார் ஓட்டுகிறார். ரோபோ பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க கம்பெனியிலயும் ரெண்டு வந்திருக்கும்மா. ராத்திரி ஷிப்டுக்கு அதான். மொத நாளு எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. இப்ப யாரும் எடுக்கறதில்ல."

"பயமா இருக்காண்ணே?"

"பயம் இல்லலா. ஆனா வேலைக்குப் போனதும் மொதல்ல அது எங்க நிக்குதுன்னுதான் பாக்குறேன்."

சனிக்கிழமை காலை பனி இறங்கியிருந்தது. அக்கா வீட்டைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். எல்லையில் வெட்டாமல் விட்ட கொஞ்சம் மரங்கள் பனிக்குள் வரிசையாக நின்றன. மாமா பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்கா பொத்தான் மாட்டிவிட, அவர்கள் காரின் முன் இருக்கையில் ஏறினார். வலது கை பைக்குள் இருந்தது. கூலிம் போகும் அரை மணி நேரமும் எங்களைத் தாண்டிப் போன கம்பெனி பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை வளாகத்தில் பலூன், பஞ்சுமிட்டாய், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். பழைய ஆட்கள் ஓடி வந்து மாமாவின் தோளைத் தட்டினார்கள். அவருடைய பிரிவில் முன்பு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது வேறு பிரிவில், சிலருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உள்ளே எங்களை அழைத்துப்போனவர் பொறியாளர் நூர் ஆயிஷா. கூலிம் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். மாமாவுக்குக் கையுறை மாட்டிப் பதிவு எடுத்தவரே அவர்தான். "அங்கிள், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடி மாமாவின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிழலே விழாத வெள்ளை வெளிச்சம். அதில் மூன்று ரோபோக்கள். என் தோள் உயரம்தான். முகம் என்று சொல்ல ஒரு கறுப்பு வளைவு. முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பவரைப் போல அவை காலை எடுத்து வைத்தன. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. நீலத் தட்டுகளை ஓரிடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் அடுக்கின. பார்த்துக்கொண்டே இருந்ததில், நான் எங்கே நிற்கிறேன் என்பது சற்று நேரம் மறந்துபோனது. மீன் தொட்டி முன் நிற்கும் குழந்தைகளின் முகத்தில் ஒரு மயக்கம் இருக்குமே, அது.

அக்காதான் முதலில் கண்டாள். ரோபோ தட்டை வைக்கும்போது மணிக்கட்டைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, விளிம்பைக் கட்டை விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் கையை எடுத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அப்படியே.

"ஐயோ, இவரு எனக்கு தோச தட்டு வைக்கிற மாதிரியே வைக்குது" என்றாள். பிறகு ஆயிஷாவின் பக்கம் திரும்பினாள். "அவரு கைய நீங்க எடுத்து வச்சிருக்கீங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிஷாவின் முகம் சிவந்தது. "எடுக்கலக்கா" என்றார் மெதுவாக. "அங்கிள் கொடுத்தது."

 மாமா கண்ணாடிச் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார். "நா செஞ்சது... அந்தப் பதிவு... இன்னும் இருக்காம்மா?"

ஆயிஷா யோசித்தார். ஓரமாகப் போய் மேலாளரிடம் போனில் பேசினார். திரும்பி வந்து எங்கள் மூவரையும் மாடியில் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டினார். அவர் பார்ப்பதை நாங்களும் பார்க்கும்படி மேசைமேல் ஒரு திரை இருந்தது.

திரையில் இரண்டு கைகள். வேறு யாரோ நின்று படம் பிடித்தது போல இல்லை. மாமாவின் கண் இருந்த இடத்திலிருந்து, மாமாவின் கைகள். பக்கவாதத்துக்கு முந்தைய கைகள். உறைக்கு மேலே பச்சை நரம்பு ஓடும் முன்கை தெரிந்தது. வலது கை தட்டை எடுத்தது, திருப்பியது, வைத்தது, கட்டை விரலால் அழுத்தியது. நடுவே ஒரு தடவை மூக்கைச் சொறிந்தது. அக்கா அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தார். எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. திரையில் கை அசையும்போதெல்லாம் அவர் தோள் லேசாக முன்னே போனது. மடியில் இருந்த கட்டை விரல் அசைந்தது என்கிறாள் அக்கா. நான் பார்த்தவரை அசையவில்லை. இன்றுவரை நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை.

அந்தப் பதிவை ஒரு பிரதி தர முடியுமா என்று அக்கா கேட்டாள். முடியாது, அது கம்பெனிக்குச் சொந்தம் என்றார் ஆயிஷா. அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடைக்கு முன் காரை நிறுத்தினேன். மாமா இறங்கவில்லை. வெளி ஆட்கள் முன் இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வராது. பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாலை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கும் அவரைக் கூட்டிப்போனது தப்போ என்று இருந்தது.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவரே கேட்டார். "தஞ்சோங் டாவாய் போலாமா? படகுல போயி ரொம்ப நாளாச்சு."

பாடாங் செராயிலிருந்து சுங்கை பட்டாணி, மெர்போக் வழியாக ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடும். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். வழியெல்லாம் நெத்திலி காயும் வாசம் காருக்குள் வந்தது. துறையிலிருந்து எதிர்க்கரையான பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு போகும். ஆளுக்குச் சில வெள்ளிகள், சில நிமிடப் பயணம்.

துறையில் மற்றப் படகுகள் கிளப்பிய அலையில் எங்கள் படகு ஏறி இறங்கியது. அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மாமாவை அணைத்துப் பிடிக்கப் போனோம். படகுக்காரர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். பாக்சிக் என்று மாமாவை மரியாதையாகக் கூப்பிட்டு, எந்தக் கையைப் பிடிக்கணும் என்று மலாயில் அவரிடமே கேட்டார்.

 மாமா வலது கையைத் தன் இடது கையால் தூக்கி, அவரிடம் நீட்டினார். "இதப் பிடி. கொஞ்சம் கெட்டியா" என்றார். படகுக்காரர் அதைக் கெட்டியாகவே பிடித்தார். மாமா காலைத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தார். ஏறிய பிறகும் அந்தக் கை படகின் விளிம்பில், எல்லோரும் பார்க்க, வெயிலில் கிடந்தது.

நடு ஆற்றில் படகுக்காரர் இயந்திரத்தை மெதுவாக்கினார். தண்ணீர் தகடு போல இருந்தது. கரையில் இருந்த சதுப்பு மரங்கள் தலைகீழாக அதில் தொங்கின. தூரத்தில் ஜெராய் மலை நீலமாக, எடையில்லாமல் மிதந்தது.

"அது நல்லாத்தான் செய்யுது, இல்ல?" என்றார் மாமா.

"எதுங்க?" என்றாள் அக்கா.

"மெஷினு. மூக்கு சொறிய மட்டும் கத்துக்கல." சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "நேத்து கோவம் வரும்னு நெனச்சேன் லெட்சுமி. வரல. ஆஸ்பத்திரியில வெரல மடக்குங்கன்னு சொல்வாங்க. எப்படி மடக்குறதுன்னே எனக்கு மறந்து போச்சு. நேத்து பாத்தேன்ல, இப்ப ஞாபகம் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

 அக்கா தண்ணீரில் கையை விட்டு நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதை எழுதும்போது மாமா மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறார். கட்டை விரல் இப்போது உண்மையாகவே கொஞ்சம் அசைகிறது, இதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு மேல் எவ்வளவு தேறும் என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை. ரோபோக்கள் தடுமாறும் பதிவுகளைப் பார்த்து எங்கே கை தவறியது என்று சொல்ல, உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றுக்கு ஆயிஷா அவரைக் கேட்டிருக்கிறார். சில மாத ஒப்பந்தம்தான், பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது. மாமா சேர்ந்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் போகிறார்.

நான் ரோபோவைப் பற்றி எழுதத்தான் போனேன். திரும்பி வந்ததும் சில நாள், என் கை குழாயைத் திருகுவதையும் சாவியைப் போடுவதையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தொழிற்சாலைகளில் வெளியாருக்கு அனுமதி கிடையாது, உள்ளே வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் குடும்ப தினத்துக்குக் காத்திருங்கள், உள்ளே கேமரா கொண்டுபோகக் கூடாது. சுங்கை பட்டாணியில் தங்கினால் கூலிமுக்கும் தஞ்சோங் டாவாய்க்கும் இரண்டு பக்கமும் போய்வரலாம், சொந்தமாக அல்லது வாடகைக்குக் கார் இருப்பது நல்லது, பஸ் நம்ப முடியாது. படகுக்குச் சில்லறை எடுத்துப்போங்கள். காலை வேளையில் போங்கள், மதியத்துக்குமேல் காற்று எழும்புகிறது. படகுத்துறைப் படி வழுக்கும். உடம்புக்கு முடியாதவரைக் கூட்டிப்போனால் இரண்டு பக்கமும் நீங்களே பாய்ந்து பிடிக்காதீர்கள். எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் அவரைக் கேளுங்கள்.