ஸ்பானிய வானொலியில் ஒரு தேவாரம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து, மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகைக்கு இருந்த காலம். பக்கத்து வீட்டில் சிலி நாட்டுப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். அதனாலேயே நன்றாக ஒத்துப்போனது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து நிற்பார். தேவாரம் முடித்து நான் "திருச்சிற்றம்பலம்" என்றதும் வீட்டில் எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். அவரும் சொல்லிப் பார்ப்பார். பிறகு இரண்டு கிண்ணம் கடலை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

ஒரு சிறிய வானொலி நிலையத்தில் ஞாயிறு மத்தியானம் அரை மணி நேரம் ஸ்பானிய நிகழ்ச்சி நடத்தியவர் அவர். அது ஒரு கோலத்தில் நிற்காது. முதலில் முழுக்க ஆட்டப் பாட்டு. வயதானவர்கள் குறைசொன்னதும் ஊர்ச் செய்தியாக மாற்றினார். செய்தி கேட்டு எல்லோரும் அழுகிறார்களென்று சமையல் குறிப்பாக்கினார். கடைசியில் நிலையத்தார், நேயர்கள் ஒருவரும் போன் பண்ணுவதில்லை, இனியும் அப்படியென்றால் இந்த நேரத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். உடனே, "குடும்பங்கள் நேரில் வந்து பாடும்" நிகழ்ச்சி என்று அறிவித்தார்.

அந்த ஞாயிறு அவருடைய கார் பழுது. நாங்கள்தான் கூட்டிப்போனோம். பாட வேண்டிய குடும்பமோ வரவில்லை. நேரம் தொடங்கிவிட்டது. கொஞ்சம் கதைத்துச் சமாளித்தவர், ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து, திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"சிஸ்டர், உங்கட வெள்ளிக்கிழமைப் பாட்டு!"

வானொலியிலோ என்று பின்வாங்கினேன். என் கணவருக்கோ சிரிப்பு. "போம், போம். இவ்வளவு நாளும் சாமி மட்டும்தானே பொறுத்துக்கொண்டிருந்தவர்!"

சப்பாத்தோடு தேவாரம் பாட மனம் வரவில்லை. கழற்றி வைத்தேன். சிலிப் பெண்மணியும் கழற்றினார். நிலையத்தில் பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரரும் ஏனென்று கேளாமல் கழற்றினார். ஒரு சொக்ஸில் ஓட்டை.

கண்ணை மூடிப் பாடினேன். முடிவில் பழக்கத்தில் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் நின்ற என் கணவரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. சிலிப் பெண்மணி ஸ்பானிய மொழியில் வணக்கம் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"திருச்சிற்றம்பலம்!" என்றது ஒரு பெண்குரல். எனக்கு முந்திக்கொண்டு அவரே, "திருச்சித்தம்பலம்!" என்று பதில் சொன்னார்.

"அக்கா, நாங்கள் இஞ்சை ஆக்லாந்திலைதான், மாசி எண்ட இடத்திலை இருக்கிறம். ரேடியோவைச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தனான். இஞ்சை எங்களைவிட வேறை தமிழாக்கள் இல்லையெண்டெல்லோ நினைச்சம்!" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "ஓம் பிள்ளை, ஓம்," என்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்னேன்.

பின்னாலேயே ஸ்பானிய மொழி நேயர்களின் போன்கள். இது எந்த மொழி, யார் பாடியது, அடுத்த கிழமையும் வருவாரா என்று. வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினார். சிலிப் பெண்மணியின் அரை மணி நேரம் தப்பியது. கடைசிப் பாட்டு வேறொரு மொழியில் என்று நிகழ்ச்சியின் கோலமும் இன்னொருமுறை மாறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாசிக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கடலை போதவில்லை.

இப்போதும் வீட்டில் தனியாகத் தேவாரம் பாடி முடித்தால், "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பேன். எங்கோ ஒருவர் பதில் சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கையை அன்று ஆண்டவன் அந்த ஸ்பானிய வானொலி வழியாகத்தான் எனக்குத் தந்தான்.