லாட்ஜில் வந்து இறங்கிய அம்மை

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில் நானும் என் கணவரும் காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் மாட்டிக்கொண்டோம். ஜோடியாகப் போய்க் காமாட்சியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது மாமியாரின் வேண்டுதல். நாளும் அவரே குறித்திருந்தார். ராணிப்பேட்டையில் பஸ் ஏறும்போது மாற்றுத்துணி ஒரு செட்டுதான் எடுத்து வைத்தேன். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, காலையில் சாமி கும்பிட்டு, மதியம் கிளம்பிவிடுவதாகத்தான் திட்டம்.

லாட்ஜ் பெரிய காஞ்சிபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கீழே புடவைக்கடை, மேலே அறைகள். எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் பூசாத சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். கட்டில், மின்விசிறி, சுவரில் ரசம் போன ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ஒரு ராத்திரிதானே என்று இருவருமே எதுவும் சொல்லவில்லை. அப்போது நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதுமில்லை. அவர் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து முடித்த கல்யாணம்.

காலையில் அவருக்கு உடம்பு கொதித்தது. பஸ் அலைச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். குளிக்கப் போனவர் கதவைப் பாதி திறந்து, "இங்க வந்து பாரு. கொசு கடிச்சிருக்குது போல," என்றார். மார்பிலும் தோளிலும் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். பள்ளிக்கூட நாட்களில் எனக்கு வந்திருந்ததால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கொசு இல்லைங்க. அம்மை," என்றேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டரும் அதையே சொன்னார். மாத்திரையும், தடவ ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல கர்ப்பமா இருக்கறவங்க, கைக்குழந்தை யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வீட்டில் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். என் வீட்டில் அண்ணனின் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. "அப்ப ரெண்டு எடத்துக்கும் போவாதீங்க. பஸ்லயும் ஏறாதீங்க. எல்லாம் காஞ்சு பக்கு விழணும்," என்றார் டாக்டர்.

மாமியாருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அம்மா வந்து எறங்குன எடத்துலருந்து கெளப்பக் கூடாதும்மா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரிக்கும் அங்கியே இருங்க. வாசக்கால்ல வேப்பிலை சொருவு. தாளிச்சது எதையும் குடுக்காத. கடைச் சாப்பாடு ஆவாது."

"அத்த, இங்க கடைச் சாப்பாடுதான் இருக்குது."

"அப்ப வெறும் இட்லி வாங்கிக் குடு. நீயும் கோயிலுக்குப் போவாத. அம்மை இருக்கற எடத்துல பொழங்கறவங்க போவக் கூடாது."

வேப்பிலை எங்கே கிடைக்கும் என்று லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டதில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. கையிலிருந்த சாவிக் கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இன்னாமா இப்டி சொல்ற. முகூர்த்த மாசம். கல்யாணப் பார்ட்டிங்க புடவை எடுக்க வந்துக்கினே இருக்காங்க. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் தங்க மாட்டாங்க." தலையைச் சொறிந்துகொண்டார். "காலி பண்ணுன்னும் சொல்ல முடியாது. அம்மா வந்துகிறா. அந்தப் பாவம் எனுக்கு வாணாம். ஒண்ணு செய். வாசல்ல வேப்பிலை கட்டாத, உள்ள வெச்சிக்க. யார் கேட்டாலும் ஜொரம்னு சொல்லிடு."

மாமியார் வாசலில் கட்டச் சொன்னார், மேனேஜர் கட்டக்கூடாது என்றார். நான் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு கொத்தைச் செருகிவிட்டு, இருவருக்குமே "சரி" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கொப்புளங்கள் முகத்துக்கு ஏறின. அவர் தன் துண்டை எடுத்து அந்தக் கண்ணாடிமேல் போட்டு மூடினார். விளக்கைப் போட விடமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் வேப்பிலையால் முதுகை வருடிக் கொடுக்கும்போது மட்டும், "கொஞ்சம் கீழ," "போதும்," என்று இரண்டு வார்த்தைகள். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சுவர். ஆஸ்பத்திரிக்கு லீவு கேட்டு மறுபடி மறுபடி செய்தி அனுப்பினேன். யாரென்றே சரியாகத் தெரியாத ஒருவரோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும்போது எனக்கு மூச்சு முட்டும்.

வெளியே போகக் காரணங்கள் இருந்தன. இட்லி, இளநீர், மோர், வேப்பிலை. வேப்பமரம் இருந்தது தறிக்காரர்கள் தெருவில். வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் விடாமல் வரும். காலை நேரத்தில் தெரு நீளத்துக்கும் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முடிக்கும்வரை ஓரமாக நிற்கவேண்டும். நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. தெலுங்கில் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே இழையை நீவுவார்கள். வேப்பிலைக் கொத்தை மேனேஜர் கொடுத்த புடவைக்கடைப் பையில் மறைத்து எடுத்து வருவேன். பையைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். "இன்னும் எடுக்கணுமாம்மா? நேரா தறிக்கே கூட்டிக்கினு போறேன், வா."

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கோபுரம் தெரிந்தது. காமாட்சி கோவில் மதில் வரை நடந்துபோய், பூக்காரிகள் கூப்பிடுவதற்குள் திரும்பிவிடுவேன். அந்த ஊரில் எல்லோரும் போகிற இடத்துக்கு நான் மட்டும் போகக்கூடாது.

ஒரு மதியம், அவர் தூங்கியதும், பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஓரிக்கை டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். யோசித்து ஏறவில்லை. கடைசியில் இறங்கிப் பாலாற்றை நோக்கி நடந்தேன். ஆற்றில் மணலும் நாணலும்தான். தூரத்தில் ஆடுகள் மேய்ந்தன. கண்ணுக்கு எட்டிய வரை சுவர் எதுவும் இல்லை. கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"எங்க இருக்க?"

"ஆத்தாண்ட."

ஏன் போனாய் என்று கேட்பார், பதிலுக்குச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

"தண்ணி போவுதா?"

"இல்ல. மணல்தான்."

"சரி. மெதுவா வா."

அந்த 'மெதுவா வா'வில் எனக்கு ஏனோ அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

அதற்கு மறுநாள் அடுத்த அறைக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து இறங்கினார்கள். மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கல்யாணப் பெண்ணின் அம்மா, இரண்டு கையிலும் இரண்டு புடவைகளோடு நின்றார். நல்ல கணீரென்ற குரல்.

"நீயும் புதுப் பொண்ணாட்டம்தான இருக்கற? அரக்கா, பச்சையான்னு வந்து சொல்லும்மா. எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கதவைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி, "வீட்டுக்காரருக்கு ஜொரங்க," என்றேன். மேனேஜர் சொல்லிக் கொடுத்த வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

"அட பாவம். எங்க, பார்க்கலாமா? என்கிட்ட மாத்திரை இருக்குது," என்று அவர் ஓரடி முன்னால் வைத்தார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தேன். அவருடைய மூத்த மகள். நிறைமாதம் போலிருந்தது, இடுப்பில் கையை ஊன்றிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுடைய சின்னப் பெண் என் கைக்கடியில் புகுந்து அறைக்குள் எட்டிப் பார்க்கப் போனாள்.

நான் குழந்தையைத் தொடாமல், கதவை அழுத்தமாகச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"கிட்ட வராதீங்க. ஜொரமில்ல. உள்ள அம்மை போட்டிருக்குது."

அந்த அம்மாள் புடவைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பேத்தியைத் தன் பக்கம் இழுத்தார். மூத்த மகளைக் கண்ணாலேயே தூரப் போகச் சொன்னார். பிறகு எங்கள் கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதல்லியே சொல்லலாமில்லமா. வாயும் வயிறுமா ஒரு பொண்ணு இருக்குது."

"சொல்லியிருக்கணும்," என்றேன். அப்போது மேனேஜர் மாடிப்படியில் நின்றிருந்தார். முழுவதையும் கேட்டிருக்கிறார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். போகும்போது எங்கள் வாசலில் இளநீர்க் காய்களைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த அம்மாள். கூடவே இன்னும் இரண்டு அறைகள் காலியாயின.

மேனேஜர் மேலே வந்தார். சத்தம் போடவில்லை. "நீ சொன்னது தப்புன்னு சொல்லலமா. அந்தப் பொண்ணுக்கு எதாச்சும் ஆயிருந்தா நான் எங்க போய் நிப்பேன்? ஆனா மொதலாளி என்னத்தான கேப்பாரு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "மொட்டை மாடில ஒரு ரூம் இருக்குது. ஷீட்டு போட்டது, சூடு தாங்காது. ஆனா பக்கத்துல ஆளு இல்ல. மாறிக்கிறீங்களா?"

மாறிக்கொண்டோம். பகலில் அந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் வானம். வெயில் தாழ்ந்ததும் அவர் வேட்டியைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வந்து உட்கார்ந்தார். வெளிச்சத்தில் அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன், திரும்பவில்லை.

"நீ சொன்னது சரி," என்றார். "உள்ள படுத்துக்கினு எல்லாத்தையும் கேட்டேன். என்னால சொல்லியிருக்க முடியாது."

"ஏன்?"

"எனக்கு வராது. கெளம்பற அன்னிக்கே ஒடம்பு வலி. அம்மா நாள் குறிச்சிட்டாங்களே, எப்படி வேணாம்னு சொல்றதுன்னு பஸ் ஏறிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சொல்லியிருந்தால் வீட்டிலேயே கவனித்திருக்கலாம், நாத்தனாரை அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இதையெல்லாம் வரிசையாகக் கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு கேள்வி.

"கல்யாணத்துக்கும் அப்படித்தான் தலையாட்டினீங்களா?"

கீழே ஏதோ ஒரு பஸ்ஸின் கண்டக்டர் ஆர்க்காடு, வேலூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அப்படித்தான்," என்றார்.

வலித்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "எனக்கும் அப்படித்தான்," என்று நானும் சொன்னேன். சொன்னதும் எங்களுக்குள் எதுவும் சரியாகிவிடவில்லை. அவர் எழுந்து ஒரு இளநீரைக் கொண்டுவந்து, கீழே கடையில் சீவிக்கொண்டு வரும்படி நீட்டினார். நான் போனேன்.

பக்கு விழத் தொடங்கியதும் மாமியார் போனில் சொன்னபடி, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மாடி வெயிலில் வைத்தேன். உச்சி வெயிலில் அவரை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினேன். இளஞ்சூடான தண்ணீர் முதுகில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். தலை துவட்டியதும் போனை எடுத்தார்.

"அம்மா, தண்ணி ஊத்தியாச்சு. இல்ல, வீட்டுக்கு வரல. தங்கச்சி பிரசவம் முடியற வரிக்கும் நாங்க தனியா வீடு பார்த்துக்கறோம். வாலாஜால பார்க்கச் சொல்லியிருக்கறேன்."

மாமியார் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார். இவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, "இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். வாளியைக் கவிழ்த்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். கடைசியாக, "கோவப்படாதம்மா. முடிவு பண்ணிட்டேன்," என்றார். போனை வைத்ததும் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டார். ஜுரத்தின் அசதி என்று அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

வாலாஜாவில் கிடைத்தது ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள மாடி வீடு. நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். தற்காலிகம் என்று போன அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான வெயிலில் எல்லாக் கதவும் சாத்தியிருக்க, அவர் பேசாமல் படுத்திருந்தால், எனக்கு அந்த மூச்சு முட்டல் திரும்பவும் வரும். அப்போதெல்லாம் நேராகவே கேட்டுவிடுகிறேன், "இன்னா, மனசுல ஏதாவது இருக்குதா?" பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பார். சில நேரம் எழுந்து உட்கார்ந்து சொல்லுவார்.