தாத்தாவுக்கு ஒரு பிஸ்கட் கல்லறை

ஹாலோவீன் கேக் செய்வது ரொம்ப சுலபம் என்று சொன்னவர் யாராக இருந்தாலும், என் வீட்டுச் சமையலறைக்கு ஒருமுறை வந்து போகட்டும்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. அக்டோபர் முடியப் போகிறது, ஆனாலும் டெக்சாஸில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் ஃபிரிஸ்கோ நகரத் தெருவில், பேய்ப் பண்டிகையான ஹாலோவீனுக்காக, எதிர்வீட்டுப் புல்வெளியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் கல்லறைகள் வரிசையாக... ஒவ்வொன்றிலும் ‘ஆர்.ஐ.பி.’. நம் ஊரில் இரங்கல் செய்திக்குக் கீழே போடுகிறோமே, அதே மூன்றெழுத்து. இங்கே அது தோரணம் மாதிரி. பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் நானும் பிள்ளைகளும் மட்டும். மித்ராவுக்கு ஏழு வயது, அகிலுக்கு நாலு. கணவர் கார்த்தி புதன்கிழமையே கோவைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மாமாவுக்கு, அதாவது கார்த்தியின் அப்பாவுக்கு, திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு பைபாஸ் ஆபரேஷன். மித்ராவின் ஸ்கூல், என் ஆபீஸ் என்று நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம்.

தங்கியது சரியா? எல்லோரும் போயிருக்க வேண்டுமோ? புதன்கிழமையிலிருந்து இதே கேள்விதான். பாத்திரம் தேய்க்கும்போது போயிருக்கலாம் என்று தோன்றும். துணி மடிக்கும்போது, இரண்டு பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியில் போய் என்ன செய்திருப்போம் என்று தோன்றும்.

அத்தை போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

“ஆபரேஷன் முடியற வரைக்கும் ஊட்ல கவுச்சி வேண்டாம் அம்மிணி. முட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

கோவையில் எடுத்துக்கொண்ட விரதம் டெக்சாஸ் ஃப்ரிட்ஜுக்கும் பொருந்துமா? நான் கேட்கவில்லை. பொருந்தும் என்றே வைத்துக்கொண்டேன். ஒருவேளை பொருந்தி, நான் மீறி, ஏதாவது ஆகிவிட்டால்?

ஆக, கேக்கில் முட்டைக்குப் பதில் தயிர். முக்கால் கப் கெட்டித் தயிர், எண்ணெய், தண்ணீர், ஒரு பாக்கெட் சாக்லேட் கேக் மிக்ஸ். இவ்வளவுதான் விஷயம். அகில் கலக்கினான். பாதி மாவு அவன் டி-ஷர்ட்டில் இருந்தாலும் கேக் அழகாகவே எழும்பியது. மேலே சாக்லேட் ஃப்ராஸ்டிங். கறுப்பு க்ரீம் பிஸ்கட்டை ஜிப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கினால் மண். தேங்காய்த் துருவலில் பச்சைக் கலர் கலந்தால் புல். வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டி நிறுத்தி இரண்டு சாக்லேட் சிப்பை ஒட்டினால் பேய். நீட்டு பிஸ்கட்டைச் செருகினால் கல்லறை.

மண்ணுக்குள் நெளிவதற்கு ஜவ்வு மிட்டாய்ப் புழுக்களும் வாங்கியிருந்தேன். கடைசி நிமிடத்தில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ஜெலட்டின்! முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு மாட்டு எலும்பைப் போடுவதா? புழுக்களை எடுத்து ஒளித்தேன். அகில் தரையில் படுத்து அழுதான்.

“புழு இல்லாம எப்படிம்மா? நோ வார்ம்ஸ், நோ ஹாலோவீன்!”

அவனைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில்தான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. “இந்தக் கேக் தாத்தாவுக்காக செய்யறோம்டா. ஆபரேஷனுக்கு முன்னாடி வீடியோ கால்ல காட்டலாம். தாத்தாவுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்!”

அந்த நேரம் பார்த்து, அங்கே நள்ளிரவு தாண்டியும் தூங்காமல், கார்த்தி அழைத்தார். மித்ராவின் கையில் சிவப்பு ஐசிங் ட்யூபைக் கொடுத்து, “நீ பிஸ்கட்ல எழுதிட்டு இரு” என்றுவிட்டு ஹாலுக்குப் போனேன். மாமா அன்று சாப்பிடவே இல்லையாம். யாரிடமும் பேசவும் இல்லையாம். “கேட்டா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார்” என்றார் கார்த்தி. “நாங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் இருக்கோம், ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு.”

“ஆமாமா, ஒண்ணும் ஆகாது” என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தேன். மூன்று கல்லறைகள் தயார். ஓரத்தில் இருந்த இரண்டிலும் ‘பூ!’ என்று பேய்ச் சத்தம். நடுவில் இருப்பதிலேயே பெரிய பிஸ்கட். அதில், ரத்தச் சிவப்பில், ‘ஆர்.ஐ.பி. தாத்தா’.

கூடவே ஒரு சின்ன ஹார்ட்.

பெண்ணைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். எதைச் சொல்லித் திட்டுவது? பிறந்தநாள் கேக்கில் யாருக்குக் கேக்கோ அவர் பெயர் இருக்கும். இந்தக் கேக் தாத்தாவுக்கு என்று நான்தான் சொன்னேன். கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று தெரு முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு?

“அம்மா, பிடிச்சிருக்கா? ஐ கேவ் ஹிம் த பிக்கஸ்ட் ஒன்.”

“சூப்பர்டா கண்ணா” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

சரி, எடுத்துவிடலாம். எடுத்து என்ன செய்ய?

உடைப்பதா? அவர் பெயரையா? குப்பையில் போடுவதா? அது அதைவிட மோசம். கத்தியால் சுரண்டி எடுக்கலாம் என்று கையில் கத்தியை எடுத்தவள், அப்படியே கீழே வைத்துவிட்டேன். இன்னும் சில மணி நேரத்தில் அவர் நெஞ்சில் கத்தி வைக்கப் போகிறார்கள். அந்தப் பெயரில் இப்போது நான் வைப்பதா? ஈரத் துணியால் துடைக்கலாமா என்று பார்த்தால்... அழிப்பதும் அழிப்பதுதானே?

“அம்மா,” என்றான் அகில், கண்ணீர் காய்ந்த முகத்தோடு. “கேன் ஐ ஈட் தாத்தா?”

“வேண்டாம்!” நான் போட்ட சத்தத்தில் ஒரு வாழைப்பழப் பேய் சாய்ந்து விழுந்தது.

நான் புள்ளியியலில் முதுகலை படித்தவள். நாள் முழுக்க எண்களோடு வேலை. ஒரு பிஸ்கட்டுக்கும், கோவையில் ஒருவருடைய இதயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன? படிப்பு ஒரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பயம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கடைசியில் பிஸ்கட்டைத் திருப்பி வைத்தேன். எழுத்து பின்பக்கம் போயிற்று. முன்னாலிருந்து பார்த்தால் வெறும் பிஸ்கட்.

“ஏம்மா திருப்பற? தாத்தாவுக்கு அவர் நேம் தெரியாதே.”

பதில் சொல்லலாம்தான். கல்லறை என்பது செத்துப் போனவர்களுக்கு என்று அவளுக்கே தெரியும். ‘உயிரோடு இருக்கிறவர் பெயரை எழுதக் கூடாது’ என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்? ‘ஈஸ் தாத்தா கோயிங் டு டை?’ அவளுக்கு நாங்கள் சொல்லியிருந்ததெல்லாம் தாத்தாவின் ஹார்ட்டை ரிப்பேர் செய்கிறார்கள் என்பது மட்டும்தான், காரை ரிப்பேர் செய்வது மாதிரி.

“சர்ப்ரைஸ்டா” என்றேன். “அப்புறம், தாத்தா கேட்டா க்ரேவ்யார்டுன்னு சொல்லாதே. தோட்டம்னு சொல்லு, என்ன?”

“பட் இட்ஸ் எ க்ரேவ்யார்ட்.”

“தோட்டம்!”

சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால் வந்தது. கோவையில் திங்கள் விடியற்காலை ஐந்தரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை அங்கியில் மாமா. முகச்சவரம் செய்திருந்தார்கள். பத்து வயது குறைந்தும், பத்து வயது கூடியும் ஒரே சமயத்தில் தெரிந்தார். பக்கத்தில் அத்தை, கையில் விபூதிப் பொட்டலம். போன் கார்த்தியிடம் இருந்தது.

“சாப்பிட...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. “தூங்குனீங்களா மாமா?”

“ம்.”

“ஒண்ணும் ஆகாது மாமா. இப்பல்லாம் இது சாதாரண ஆபரேஷன்.”

“ம்.”

“அதைத்தானுங் நானும் சொல்றேன்” என்றார் அத்தை. “ஒண்ணும் ஆகாது, நீங்க தைரியமா இருங்கன்னு.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் மித்ரா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள்.

“தாத்தா, லுக்! வீ மேட் யூ எ க்ரேவ்யார்ட்!”

“தோட்டம்ங்கறாப்பா” என்றார் கார்த்தி, அவசரமாக. மனுஷருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, தானாகவே சமாளித்தார். “பூசணித் தோட்டம்.”

மாமா கண்ணைத் திறந்தார். முப்பது வருடம் வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்த்த கண். “பூசணியே காணமேடா. கல்லுதான் நட்டிருக்குது.”

“இருங்க தாத்தா, பேக் சைட்ல உங்க நேம் இருக்கு!”

நான் போனுக்குக் கை நீட்டினேன். மித்ரா ஏற்கெனவே மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டாள். திரையில் மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்குவது தெரிந்தது. படித்தார். உதடு அசைந்தது.

“அட கெரகமே!” அத்தையின் குரல்தான் முதலில் வந்தது. “நல்ல நாளும் அதுவுமா... ஏங்கண்ணு, உங்கம்மாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? எடுக்கச் சொல்லு அதை!”

“மாமா, மன்னிச்சிருங்க, நான் கவனிக்கல, அவளுக்குத் தெரியாது...” வார்த்தை வார்த்தையாக உளறினேன்.

“இரு அம்மிணி.” மாமா கையை உயர்த்தினார். பிறகு மித்ராவிடம், “எனக்குத்தானா கண்ணு?”

“யெஸ். பிக்கஸ்ட் ஒன்.”

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் நிறைந்து காதோரமாக வழிந்தது.

“நாலு நாளா இதைத்தான்டா நெனச்சுட்டே படுத்திருக்கறேன்” என்றார் கார்த்தியைப் பார்த்து. “வாயத் தொறந்தா ஒண்ணும் ஆகாதுங்கறீங்க. ஒண்ணும் ஆகாதுன்னா அப்பறம் நான் என்னத்தப் பேசறது? எனக்குப் பயமா இருக்குதுடா.”

அத்தை விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தார். எங்கள் எல்லோரிடமும் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் அவர் பிடுங்கிவிட்டார்.

மித்ராதான் பதில் சொன்னாள். ரொம்ப சாதாரணமாக.

“இட்ஸ் ஓகே தாத்தா. இட்ஸ் ஹாலோவீன். யூ ஆர் சப்போஸ்டு டு பி ஸ்கேர்ட்.”

“என்ன சொல்றா?” என்றார் அத்தை.

“பயப்படறதுக்குத்தான் இந்தப் பண்டிகையேங்கறா” என்றார் மாமா. இப்போது சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது வேறு எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கார்த்தி, தியேட்டர் கதவு வரைக்கும் கையப் புடிச்சுட்டு வாடா. உடச் சொன்னாலும் உடாத.”

திரையில் படம் ஆடியது. மாமா மறைந்து சீலிங் ஃபேன் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும்தான் சுற்றியது.

“வர்றேம்ப்பா” என்ற குரல் கேட்டது.

அடுத்த ஆறு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களில் யாராவது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே தெரியும். நான் உட்கார்ந்திருந்தது கடல் தாண்டி என்பது மட்டும்தான் வித்தியாசம். ‘முடிஞ்சுது. நல்லா இருக்கார்’ என்று கார்த்தியின் மெசேஜ் வந்தபோது, அதைச் சரியாகத்தான் படிக்கிறேனா என்று நாலு தடவை படித்தேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். ‘ஒண்ணும் ஆகாது’ என்று யாருக்காகச் சொல்கிறோம்? பயப்படுகிறவருக்காகவா? அவர் பயத்தை உட்கார்ந்து கேட்க நமக்குப் பயம். அதனால் முந்திக்கொண்டு சொல்லி அவர் வாயை அடைக்கிறோம். நான் அந்த நாலு நாளில் எத்தனை முறை சொன்னேன்! ஒரு முறையாவது ‘எப்படி இருக்கு மாமா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேனா?

மாமா வீடு திரும்பிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை பேசினேன். மறுநாள் முதல் செக்கப். பழக்க தோஷத்தில் அதே வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “பயமா இருக்குங்களா மாமா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் இருக்குது அம்மிணி” என்றார். “உனக்கு?”

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஆரம்பித்துவிட்டேன். அகிலின் இருமல், மித்ராவின் ரீடிங் லெவல், கார்த்தியின் விசா, ஃப்ரீவேயில் லேன் மாறுவது, கேஸை அணைத்தேனா இல்லையா, என் வேலை இருக்குமா, பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களா, அன்று நாங்களும் கிளம்பி வந்திருக்க வேண்டுமா... முழுசாக இருபது நிமிடம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “அம்மிணி, எம்பட ஆபரேஷனே தேவலாம் போல.”