ஓபராவுக்குக் கோப்போடு போனவன்

அழைப்புக் கடிதம் வந்த அன்று நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது மகளின் கட்டிலைத்தான். தலைமாட்டுப் பலகையில் தங்க நிறக் கொடிகள் பளபளத்துக்கொண்டிருந்தன. போர்வையை எடுத்து மூடினேன்.

அந்தத் தலைமாடு ஏதோ ஒரு ராசாவின் அரண்மனைக் கதவு. தொண்ணூறுகளின் நடுவில் நான் சுவிஸில் ஓர் ஓபரா அரங்கில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். ஓர் ஓபரா முடிந்து அடுத்தது வரும்போது, பழைய அரண்மனைகளையும் காடுகளையும் உடைத்துப் பின்முற்றத்தில் எறிந்துவிடுவார்கள். எல்லாம் நல்ல பலகை. எங்கள் ஆட்களால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியுமா? வேலை முடிந்து போகும்போது துண்டு துண்டாக ட்ராமில் ஏற்றிக் கொண்டுபோனேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும் சங்கடத்தை அவர்களுக்கு ஏன் கொடுப்பான்?

இந்த நேரத்தில்தான் அரங்கிலிருந்து கடிதம் வந்தது. கீழே வெட்டி அனுப்ப ஒரு துண்டு. பெயர் என்ன, எத்தனை பேர், எந்த நாடு. எல்லாம் ஜெர்மன் மொழியில். என்னுடைய டொச் வாளிக்கும் தும்புத்தடிக்கும் மட்டும் போதுமானது. மனைவி வயோதிபர் இல்லத்தில் வேலை செய்பவள், நன்றாக டொச் கதைப்பாள். ஆனால் அவளிடம் காட்டினால் கட்டில் பலகையைக் கேட்காமல் எடுத்த கதையும் வெளியே வரும். ஆகவே ரயிலேறி லாங்கன்தாலுக்குப் போனேன். எங்கள் எல்லோருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்லும் அண்ணை அங்கேதான் இருந்தார்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வந்து கடைசி ஒத்திகையை இலவசமாகப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அழைப்புத்தான் போலகிடக்கு. ஆனா, சும்மா ஏன் கூப்பிடப்போறாங்கள்?”

அது போதும். அடுத்த இரண்டு கிழமையும் நான் நித்திரை கொள்ளவில்லை. சுவிஸில் இருப்பதற்கான பெர்மிற்றைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டும். பலகைக்காக வேலை போனால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் பெர்மிற் இல்லை. கதவு ஒன்றுக்காகக் குடும்பத்தோடு விமானத்தில் ஏற்றப்பட்ட முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

போகாவிட்டால் சந்தேகம் கூடும் என்று துண்டை நிரப்பி அனுப்பினேன். ஒத்திகை நாளன்று மனைவி கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். நான் கோப்பை எடுத்துக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழ்கள், கலியாண எழுத்து, சம்பளத் துண்டுகள், ஆளுக்கு இரண்டு படம்.

“இஞ்சருங்கோ, பாட்டுக் கேக்கப் போறதுக்கு என்னத்துக்கு உந்தக் கோப்பு?”

“நீர் பேசாமல் வாரும்.”

மேல்கோட்டுகளை வாங்கி வைக்கிற இடத்தில் கோப்பையும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஆறு வருடமாகத் தூசு எடுத்த கதிரைகளில் அன்றுதான் முதன்முதலாக இருந்தேன். எந்தக் கதிரையின் அடியில் சுவிங்கம் ஒட்டியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். மேடையில் ஒரு பெண் செத்துக்கொண்டே பாடினாள். மனைவி அழுதாள். நான் வாசலில் நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

இடைவேளையில் ஒரு இளம்பெண், கையில் தாளும் பேனையுமாக, நேரே எங்களிடம் வந்தாள். அரங்கில்தான் வேலையாம். ஓபராவுக்கு வராத சனங்களையும் வரவைக்க வேண்டுமாம், அதற்காகச் சில கேள்விகளாம். முதல் கேள்வியிலேயே நான் விழுந்தேன்.

“இதுவரைக்கும் நீங்கள் ஏன் இங்கே வரவில்லை?”

அகதி விசாரணையில் ‘ஏன் இங்கே வந்தாய்’ என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பாடமாக்கிய பதில் இருந்தது. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. கோப்பைத் திறந்தேன். தெரிந்த பதிலையே சொன்னேன். யாழ்ப்பாணம், கொழும்பு, விமானம், எல்லைக் காடு. எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. நின்ற பேனையைக் கண்டதும் இன்னும் பயம் வந்து, கதவையும் அரைகுறை டொச்சில் சொல்லிவிட்டேன். திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன், பிள்ளை நிலத்தில் படுக்கட்டும் என்றேன்.

மனைவி என் கையில் கிள்ளிவிட்டு அந்தப் பெண்ணிடம் டொச்சில் கதைத்தாள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

“இவர் ஆறு வருசமா ஒவ்வொரு நாளும் விடிய இஞ்சை வாறவர். பாக்க வாங்கோ எண்டு இப்பதான் கூப்பிட்டிருக்கிறியள்.”

அந்தப் பெண் அதை எழுதி அடியில் கோடிட்டாள். கோடு எனக்கா, மனைவிக்கா, கதவுக்கா என்பதுதான் மிச்ச ஓபரா முழுவதும் என் யோசனை.

திங்கட்கிழமை எங்கள் மேலதிகாரி, ஷெஃப், கூப்பிட்டார். கோப்போடு போனேன். மேசையில் அந்தப் பெண் எழுதிய தாள், என் பெயரோடு. பலகைகளைக் குப்பையில் எறிவது வீண் என்று தச்சுப்பட்டறைக்காரரும் கனகாலமாகச் சொல்லிவருகிறார்களாம். இனி அவற்றைப் புறம்பாக அடுக்கி வைப்பார்களாம். வேண்டியவர்கள் பெயரை எழுதிவிட்டு எடுக்கலாம். கதவு மகளிடமே இருக்கட்டும் என்றார். பெர்மிற்றுக்கான கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் அதைத் திருப்பி முதுகுப்பக்கத்தையும் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருப்பதும் நல்லதற்கில்லை என்று பட்டது.

எழும்பும்போது அவர் சிரித்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

விசாரணையிலும் கடைசிக் கேள்வி அதுதான். அங்கே தேவைக்கு மேல் கதைத்துப் பட்ட பாடு எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் சமையலறையில், கைப்பிடிகளில் சிங்கத்தலை வைத்த ஒரு சிம்மாசனம் இருந்தது. மனைவி அதில் இருந்துகொண்டுதான் வெங்காயம் உரிப்பாள். அதைப் பின்முற்றத்திலிருந்து கொண்டுவந்த அன்று ட்ராமில் இருக்க இடமில்லை. அதிலேயே இருந்துகொண்டு வந்தேன்.