முதல் வரியாக ரோசம்மாள் சொன்னது

ரோசம்மாள் பிள்ளைகள் வார்டில் ஆயாவாகச் சேர்ந்தது அறுபத்து மூன்றாம் வருஷம். மொரப்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. வீட்டுக்காரர் சவரிராயனுக்கு ரயில் பாதை பார்க்கிற வேலை. ஒரே மகள் லூர்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தபின், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளைப் பங்குச் சாமியார்தான் கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பீத்துணி அலசுவது, கஞ்சி காய்ச்சுவது, ஊசி போடும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது, எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். வார்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே சிலுவை போட்டுக்கொண்டு, "சேசுவே, இன்னிக்கி ஒரு புள்ளயும் போவக்கூடாது" என்பாள். காலை ஜெபம் அவ்வளவுதான்.

பத்து வருஷம் கழித்து, காரிமங்கலம் பக்கத்திலிருந்து காவேரி என்ற இளம்பெண் மூன்றாவது தடவையாகத் தன் மகன் மாதுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வயதுப் பையன். வயிறு பானை, கைகால் குச்சி. தின்ற கொஞ்ச நேரத்தில் வாந்தி, வேர்வை, நடுக்கம். வார்டில் இரண்டு வாரம் இருந்தால் தேறுவான், வீட்டுக்குப் போனால் திரும்ப விழுவான். டாக்டர் சிஸ்டர் அவன் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பிக் கேட்டார். பதில் வந்தது. சர்க்கரையிலும் வெல்லத்திலும் தேனிலும் பழத்திலும் இருக்கிற ஒருவகை இனிப்பைச் செரிக்கும் சக்தி அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. காவேரி கட்டியிருந்தது சொந்தத் தாய்மாமனை. இரண்டு பேர் உடம்பிலும் சத்தமில்லாமல் ஒளிந்திருந்த குறை, பிள்ளையிடம் வந்து ஒன்றுசேர்ந்துவிட்டது. களி, சோறு, பால், முட்டை எல்லாம் ஆகும். இனிப்பு மட்டும் ஈரலை அரித்துவிடும்.

அதே நோயோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்துபோனது நினைவுக்கு வரவே, டாக்டர் சிஸ்டர் தாய்மாருக்கென்று ஒரு தாள் எழுதினார். எது ஆகும், எது ஆகாது என்று எழுதினார். மயக்கம் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாமல் குளுக்கோஸ் பொடி கரைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வரவேண்டும். இனிப்பான டானிக் கூடாது, மாத்திரைதான். எழுதியதைக் காவேரிக்குப் படித்துக் காட்டினார். காவேரி ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டினாள்.

ரோசம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்த நாள் முதலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தால், காவேரி மகனை மடியில் கிடத்தி மூக்கைப் பிடித்திருந்தாள். பையன் திமிறினான். வாயில் போனதைத் தூ என்று துப்பினான். முதுகில் பளீரென்று ஒன்று விழுந்தது.

"அப்பன மாதிரியே அடம்! முழுங்குடா!"

துப்பியதில் மாத்திரைப் பொடியோடு பழுப்பாக ஒரு சின்ன உருண்டை. வெல்லம்.

"அடியே, என்னா பண்ற? காலையிலதான சிஸ்டர் படிச்சாங்க?"

"மாத்திர கசக்குதுக்கா. மொளகு அளவுதான் வெல்லம் வெச்சேன். இது தீனியில சேருமா? மருந்துலதான சேரும்?"

"எப்பவும் இப்பிடித்தான் துப்புவானா?"

"வாழப்பழம் ஊட்ன நாள்லருந்தே இப்பிடித்தான். இனிப்புன்னா மூஞ்சியத் திருப்பிக்குவான். ஊரே சிரிக்குதுக்கா. நாலு போட்டு ஊட்டுனாத்தான் உண்டு. நல்லதத் தின்னாதான ஒடம்பு வரும்?"

ரோசம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே டாக்டர் சிஸ்டர் அறைக்குப் போனாள்.

"சிஸ்டர், தாளுல ஒண்ணு வுட்டுப்போச்சுங்க. புள்ள துப்புனா அடிக்கக் கூடாதுன்னு போடுங்க. மொத வரியா போடுங்க."

"வெல்லம் கூடாதுன்னுதான் எழுதியிருக்கேனே ரோசம்மா. பிள்ளைங்க மருந்தைக்கூடத்தான் துப்பும். அப்படி எழுதினா மருந்தே கொடுக்க மாட்டாங்க. இது உனக்கு எப்படித் தெரியும்?"

ரோசம்மாள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆயா ஏதோ சொன்னாள் என்று எல்லோரும் மறந்திருப்பார்கள். பையனும் வீட்டுக்குப் போய், இன்னும் நாலு மாதத்தில் திரும்பி வந்திருப்பான், வந்தால்.

"எம் பொண்ணு துப்புனாங்க. சவலயா இருக்கான்னு தேனுல மருந்து கொழச்சி, மூக்கப் புடிச்சி நாந்தான் ஊட்டுனேன். ஒரு மாசம். களியும் மோரும் குடுன்னு அழுவா. அடம்னு அடிச்சேன். அவ நாக்குக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியிலீங்க. பல்லு ஒண்ணுகூட சொத்த இல்ல, முத்தாட்டம் இருக்கும். அந்தப் பல்ல இறுக்கிக் கடிச்சிக்குவா..."

டாக்டர் சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "லூர்துவுக்கும் இதே நோய்தான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீ பார்த்தது நிஜம்" என்றார். எழுந்துபோய் மாதுவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொத்தைப் பல் இல்லை, இனிப்பை ஒதுக்கியே வந்த வாய். மற்ற இரண்டு தாய்மாருக்கும் கடிதம் போட்டு வரவழைத்துக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இனிப்பு என்றால் பிள்ளை ஓடும், நாங்கள்தான் துரத்திப் பிடித்து ஊட்டினோம்.

தாள் மறுபடி எழுதப்பட்டது. முதல் வரி இது: "இனிப்பானதைப் பிள்ளை துப்பினால் அது அடமில்லை, அடிக்காதீர்கள், மறுபடி ஊட்டாதீர்கள்." மருந்தை வெல்லத்திலோ தேனிலோ வைத்துக் கொடுக்கக் கூடாது, கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம் என்பது இரண்டாம் வரி.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் ரோசம்மாள் புருசனிடமும் சொல்லிவிட்டாள். சவரிராயன் வழியிலேயே நின்றார். "மூக்கப் புடிச்சது நீ. காலப் புடிச்சது யாரு?" என்றார். அவர்தான் பிடித்திருந்தார். அதை அவள் மறந்தே போயிருந்தாள். இரண்டு பேரும் கல்லறைப் பக்கம் திரும்பி, அங்கே முழங்காலில் நின்றுவிட்டு வந்தார்கள்.

மாதுவை அழைத்துப் போகக் காவேரியின் புருசன் மாதையன் வந்தான். வந்ததும் மடியிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து மகன் வாயருகே நீட்டினான். பையன் உதட்டை மடித்துக்கொண்டான். காவேரி குறுக்கே கையை நீட்டினாள்.

"வாணாம் மாமா. அவன் திங்க மாட்டான்."

"ஏண்டி, ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு தின்னா செத்தா போவான்?"

"ஆமா மாமா, செத்துத்தான் போவான்."

மாதையன் திகைத்து ரோசம்மாளைப் பார்த்தான். ரோசம்மாள் ஆமாம் என்று தலையசைத்தாள். காவேரி அவன் கையிலிருந்த கமர்கட்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் புடைக்க மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.