தேங்காய் வெட்டாத மூன்று மாதம்

எங்கள் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப்போகிறது என்று நோட்டீஸ் வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நெடுமங்காட்டைத் தாண்டி, கல்லாறு போகும் வழியில் இருந்த தென்னந்தோப்பு அது. நிலமில்லாதவர்களுக்குப் பங்குவைக்க எடுக்கிறார்கள், பதிலுக்கு விலை தருவார்கள். அந்த விலை மட்டும் நியாயமாக வந்துவிட்டால் நான் டாக்டருக்குப் படிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பதினெட்டு வயது. கால் தரையில் பாவவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் நாடி பிடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமி, "எனக்கு ஒண்ணும் இல்லைடி, கையை விடு" என்று கெஞ்சினாள்.

அப்பா செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. நிலத்துக்கு ஒரு விலை, மரத்துக்குத் தனி விலை, காய்ப்பு கூடினால் அதுவும் கூடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நியாயமான விலை வாங்காம விடமாட்டேன்" என்று காப்பி குடிக்கும்போதெல்லாம் கத்தினார். அதிகாரி வந்து பார்க்கும்வரை ஒரு தேங்காய்கூட வெட்டக்கூடாது என்று உத்தரவும் போட்டார். தோப்புக் குத்தகைக்காரர் வீடு தேடி வந்து, "சாமி, தேங்கா இடண்டே?" என்று, பறிக்க வேண்டாமா என்பதை மலையாளத்தில் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இடண்டா!" என்றார் அப்பா.

சாலைக் கடைத்தெருவில் காசு கொடுத்துத் தேங்காய் வாங்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் அம்மா தேங்காயில்லாமலே சமைத்தாள். தேங்காயில்லாத அவியலைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? வேண்டாம். "இவ டாக்டராறதுக்குள்ளே நாமெல்லாம் நோயாளியாயிடுவோம்" என்றாள் அம்மா.

அதிகாரி வரும் நாளில் அப்பாவும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். தோப்பில் நெற்றுகள் தொம் தொம்மென்று தாமாகவே விழுந்துகொண்டிருந்தன. மழையில்லை, வெயிலில்லை, ஆனாலும் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். குடை தேங்காயைத் தடுக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு நெற்று காலடியில் விழவும், அதிகாரியின் சேவகன் கையிலிருந்த நோட்டோடு வாய்க்காலில் குதித்தான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதிகாரி அண்ணாந்து பார்த்துப் பார்த்து எழுத, அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எழுதி முடித்த அதிகாரி பேனாவை மூடாமல் கேட்டார்: "மரமெல்லாம் வெச்சது ஆரு?"

நட்டது குத்தகைக்காரர் என்றால் மரத்தின் விலை அவருக்குத்தான் போகும். குழிக்கூறு என்று அதற்குப் பெயர். ஊரார் குழிக்கூறுக்கெல்லாம் ஆபீசில் குறிப்பு எழுதிய அப்பாவுக்குச் சொந்தத் தோப்பில் அது நினைவுக்கே வரவில்லை. 'என் தேங்காய், என் தேங்காய்' என்று சொல்லிச் சொல்லியே மறந்திருந்தார். குத்தகைக்காரர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்துமூலமாக எதுவும் கிடையாது. அப்பா சொல்வதுதான் செல்லும். நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது.

அப்பா குடையை மடக்கினார். "இவன் வெச்சது. ஒண்ணு விடாம எல்லாம் இவன் வெச்சது."

திரும்பும் பஸ்ஸில் எங்கள் காலடியில் இரண்டு சாக்குத் தேங்காய், குத்தகைக்காரர் ஏற்றிவிட்டது. நான் அழுதுகொண்டே கேட்டேன்: "நான் வெச்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா?"

"சொல்லியிருக்கலாம். மூணு மாசமா நியாயமான விலை, நியாயமான விலைன்னு நான்தானேடி கத்திண்டிருந்தேன்?"

அந்த நேரம் பார்த்துச் சாக்கு அவிழ்ந்து, தேங்காய்கள் பஸ் முழுக்க உருண்டன. கண்டக்டர் துள்ளினார். அழுகையோடு அழுகையாக நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

நான் டாக்டராகவில்லை. நிலத்துக்கு மட்டும் வந்த பணம் பி.ஏ.யோடு தீர்ந்துபோயிற்று. அப்பாமேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அம்மா வைத்த அவியலை அந்தக் கோபத்தோடேயே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.