கொட்டாஞ்சேனையில் எரிந்த வயர்

சிவநேசன் இறந்த செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்கு முன்னால் குந்தியிருந்து, அது எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்று பொறித்திருந்த தகட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கமே அவனுடையது. இருபது வருடங்கள் இருவரும் சேர்ந்து கொழும்பில் வயரிங் வேலை செய்தோம். அவனுடைய மனைவி வசந்தி ஒரே வசனம்தான் சொன்னார்: "அண்ணை, இவர் போயிட்டார்." கையிலிருந்த டோர்ச்சை அணைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

எந்த வேலைக்குப் போனாலும் லிஃப்ட் எத்தனை, மோட்டர் எத்தனை என்றுதான் நானும் மற்றவர்களும் முதலில் கேட்போம். சிவநேசன் நேரே ஜெனரேட்டர் மெஷினிடம் போய்க் குந்துவான். "மச்சான், கட்டிடம் எவ்வளவு கேக்குதெண்டு பாத்து வயர் போடாதை. மெஷின் எவ்வளவு குடுக்குமெண்டு பாத்துப் போடு. சனம் இண்டைக்கு லைட் கேக்கும், நாளைக்கு ஏசி கேக்கும்" என்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

மின்வெட்டுக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆறுமாடிக் கட்டடத்துக்கு ஜெனரேட்டர் பூட்டினோம். அந்த மெஷினுக்கு முப்பத்தைந்து எம்எம் தடித்த வயர் வேண்டும் என்றான் சிவநேசன். புறக்கோட்டைக் கடைகள் முழுக்க அலைந்தும் அதில் பாதிகூட இல்லாத பதினாறுதான் கிடைத்தது. அவன் தாயாரின் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்த இரண்டு நாளில், லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் இது தாராளம் என்று கணக்குப் பார்த்து நான் பதினாறைப் போட்டுவிட்டேன். சனம் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் செய்தேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திரும்பி வந்தவன், "பெரிய வயர் வந்தவுடனை மாத்து" என்றான். ஓம் என்றேன். வந்தது, மாற்றவில்லை.

இரண்டு மாதத்தில் ஒவ்வொரு வீட்டாரும் ஏசியையும் அதே லைனில் கொழுவினார்கள். மெஷின் சளைக்காமல் கொடுத்தது, வயர்தான் தாங்காமல் எரிந்தது. படிக்கட்டெல்லாம் புகை. ஐந்தாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மூச்சடைத்து ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"ஆர் இந்த வயரைப் போட்டது?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கத்தினார். நான் வாய் திறக்கமுன் சிவநேசன் சொன்னான்: "நான்தான். என்ர கணக்குப் பிழை."

வெளியே வந்து அவனோடு சண்டை பிடித்தேன். "லைசன்ஸ் உன்ர பேரிலை. அது போனா ரெண்டு பேருக்கும் வேலையில்லை. பிறகு ஆறுதலாச் சொல்லு" என்றான்.

அந்தப் 'பிறகை' நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கொட்டாஞ்சேனையில் அவனை அதற்குப் பின் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அந்தாளை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ" என்றார்கள். நானும் தனியாகப் போனேன். 

அவனுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது வசந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணை, அந்தக் கொட்டாஞ்சேனைக் கதையை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. சாகுமட்டும் அவருக்கு அது வெக்கம்." அப்போதுதான் தெரிந்தது, அவன் மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் வசந்தி, அதைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த மலர் அந்த ஆறு மாடிக்கும் போகும். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். சிவநேசனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மெஷினுக்கு முன்னால் குந்துகிற பழக்கத்தை மட்டும்தான். அந்த வயரைப் போட்டவன் நான்.